நூல் முதலில், பிரஷ் பிறகு

வெள்ளைக்கரடு மில் தொழிலாளர் லைன் வீடுகளில் இது நடந்தது; நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் அன்று பல் தேய்க்காதவர்கள். மார்கழி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறு மணிச் சங்குக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்க, எட்டுக் குழாய்களும் ஒரு நீளத் தொட்டியும் உள்ள குழாயடியில் எல்லோரும் வழக்கம்போல வரிசையாகக் குனிந்து நின்றபோது, நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் தன் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு நடுவே நாற்பதாம் நம்பர் நூலை விட்டு ஓர் இழுப்பு இழுத்தாள். நூலோடு அவளுடைய குரல் வெளியே வந்தது. இன்றைய குரல் அல்ல. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய, இன்னும் பஞ்சுத் தூசி படியாத குரல்.

"எக்கா, இந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். ஆளு வாயைத் திறந்தா மூடத் தெரியாதவனா இருக்கான்" என்றது அது.

அடுத்த குழாயில் வாய் நிறைய நுரையோடு நின்ற அவள் புருஷன் நுரையைத் துப்பினான், கொப்பளித்தான், மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"இதை அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதா இருந்திருக்கும்லா?"

"எங்க அக்காகிட்ட சொன்னேன். உன்கிட்டதான் சொல்லலை."

"ஒங்க அக்கா என்ன சொன்னா?"

"எல்லா ஆம்பளையும் அப்படித்தான்னு சொன்னா."

சங்கு ஊதியது. இருவரும் வேலைக்குப் போனார்கள்.

பல்லில் நூல் விடுவது அந்த லைனில் புதுப் பழக்கம் அல்ல. பஞ்சு மில்லில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களின் பல்லிடுக்கில் சோற்றைவிடப் பஞ்சுதான் அதிகம் சிக்கும். ஆகவே கோன் முடிந்து மிஞ்சிய நூலில் ஒரு முழத்தை இடுப்பில் சுருட்டிக்கொண்டு வருவதும், மறுநாள் காலை அதைப் பல்லுக்குப் பல் விட்டு இழுப்பதும் மில் தொடங்கிய நாளிலிருந்து நடந்துவந்தது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, அவர்களுக்கும் பல் இருந்தது. சிலர் நூல் விட்டுவிட்டுப் பிரஷ் போடுவார்கள், சிலர் பிரஷ் போட்டுவிட்டு நூல் விடுவார்கள், எது முன் எது பின் என்று இரண்டு பேர் சண்டை போட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகுதான் அந்த லைனின் சரித்திரமே அதுவாயிற்று.

ஏனென்றால் ஒரு வாரத்துக்குள் விதி பிடிபட்டுவிட்டது. மறைத்த பேச்சு எதுவோ அது பல்லிடுக்கில் இருந்தது. ஒருவரிடம் சொல்லி இன்னொருவரிடம் ஒளித்ததும், நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனதும், எல்லாம் அங்கேதான் இருந்தன. நூலை முதலில் விட்டால் அது முழுசாக, சொன்ன வயதின் குரலிலேயே, குழாயடி முழுக்கக் கேட்கும்படி வந்தது. பிரஷை முதலில் போட்டால் நுரையில் கரைந்து, தொட்டியின் ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போனது, பிறகு எத்தனை முறை நூல் விட்டாலும் வெறும் நூல்தான் வந்தது. ஆனால் அது அன்றைய தினத்துக்கு மட்டும். மறுநாள் விடிந்தால் பேச்சு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும், இடுக்கை விட்டு ஒரேயடியாகப் போக வேண்டுமானால் ஒரு தடவை காற்றில் கேட்டாக வேண்டும்.

இதற்காக யாரும் கோயிலுக்கு ஓடவில்லை, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடவில்லை. மில்லில் எந்த மிஷின் வந்தாலும் இரண்டு நாளில் அதன் சத்தத்துக்குப் பழகிவிடுகிற ஜனங்கள் இதற்கும் பழகினார்கள். டீக்கடைக்காரரின் முன்பல்லிலிருந்து "ரெண்டாம் தண்ணிதான், குடிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது" என்று வந்தபோது, நின்ற ஏழு பேரும் "தெரியும்" என்றார்கள், அன்றும் அங்கேதான் டீ குடித்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளிடம் ஜிலேபித் தட்டுக்கு முன்னால் ஒரு முழ நூலைத் தட்டில் வைத்து நீட்டுகிற வழக்கம் ஏற்பட்டது. அந்த வருஷம் தையில் லைனில் இரண்டே கல்யாணம்தான் நடந்தது, இரண்டும் நல்ல கல்யாணம். அவுட்போஸ்ட் போலீஸ்காரர் பல் தேய்ப்பதையே நிறுத்திவிட்டார். மாமியார்கள் மருமகள்களுக்கு முன்னால் எழுந்து குழாயடிக்கு வந்தார்கள், மருமகள்கள் அவர்களுக்கும் முன்னால் எழுந்து வந்தார்கள், கடைசியில் ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் வந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பிரஷை எடுத்தார்கள்.

இப்படியாக லைன் இரண்டாகப் பிரிந்தது. நூல் கட்சி, பிரஷ் கட்சி.

நூல் கட்சிக்குத் தானாகவே தலைவரானவர் தோழர் ஏகாம்பரம். அறுபத்து நான்கு வயது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவர், மிச்சப் படிப்பையெல்லாம் கேட் வாசலில் கொடுத்த துண்டறிக்கைகளில் படித்தவர், பிறகு தானே எழுதத் தொடங்கி இருநூற்றுக்கும் மேல் எழுதியவர். மூன்று முறை சிறை. ஒரு முறை முழங்கால் எலும்பு முறிவு. சங்கத்தைக் கட்டியவர் அவர்; சங்கக் கொட்டகையின் முதல் கீற்றை முடைந்தவரும் அவர்தான். குழாயடியில் எல்லோருக்கும் முன்னால், தொட்டியின் நட்டநடுவே நின்று, முப்பத்திரண்டு பல்லின் இடுக்கிலும் நூலை விட்டு இழுத்துக் காட்டினார். ஒரு சொல் வரவில்லை.

"பாத்துக்கிடுங்க" என்றார். "நான் நினைச்சதையெல்லாம் மைக்கிலேயே பேசியாச்சு. எனக்கு உள்ள ஒண்ணும் கிடையாது."

"அது எங்களுக்குத் தெரியாதா தோழர்?" என்றான் சங்கச் செயலாளர் தளவாய். ஏகாம்பரம் கைப்பிடித்து வளர்த்தவன், இப்போது ஐம்பது வயது. அடுத்த நாள் தளவாயின் பல்லிலிருந்து, "இந்த மனுசன் மைக்கைப் பிடிச்சா ஒண்ணுக்குப் போகக்கூட விட மாட்டாரு" என்று வந்தது. குழாயடி சிரித்தது, ஏகாம்பரமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அன்று முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்தார். தளவாய் அன்றிலிருந்து பிரஷ் கட்சி.

ஆனால் ஏகாம்பரம் நூலைக் கையில் எடுத்தது இந்தச் சில்லறைக்காக அல்ல. அவருக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. பதினெட்டு வருடமாக வேண்டியிருந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், பதினான்கு பெண்களை ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தியதற்காக வெள்ளைக்கரடு மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. அறுபத்தோரு நாள். அறுபத்தோராம் நாள் ஏகாம்பரம் ஜில்லாத் தலைநகரில் பேச்சுவார்த்தையில் இருந்தார். நிர்வாகம் இறங்கி வந்துவிட்டது, பதினான்கு பேரையும் எடுத்துக்கொள்வதாக மறுநாள் பத்து மணிக்கு மில்லிலேயே கையெழுத்து என்று முடிவாகிவிட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து கேட் வாசலில் இறங்கியபோது ஆறு மணிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது, கேட் அகலத் திறந்திருந்தது, முந்நூறு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு யாரும் கையெழுத்துப் போட வரவில்லை. பதினான்கு பெண்களும் திரும்ப எடுக்கப்படவில்லை, ஏகாம்பரம் அன்றோடு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கொடிக்கம்பத்துக்குக் கீழே ஒரே ஒருவன் மட்டும் உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தான். பஞ்சு உதறும் புளோ ரூமில் வேலை பார்த்த ஆவுடையப்பன்.

"நேத்து மத்தியானம் இவன் மானேஜர் பங்களாவுக்குள்ள போனதைப் பார்த்தேன்" என்று சாயங்காலம் ஒருவன் சொன்னான். இருட்டுவதற்குள் முந்நூறு பேரும் பார்த்திருந்தார்கள். எல்லோர் சார்பிலும் அவன்தான் போய் ஒப்புக்கொண்டான், தோழரே சம்மதித்துவிட்டதாக அவன்தான் சொன்னான் என்றார்கள். உள்ளே போகாமல் வெளியே நின்றானே என்று கேட்டவர்களுக்கு, வேலையை முடித்தவன் வெளியே நின்று வேடிக்கைதானே பார்ப்பான் என்று பதில் கிடைத்தது. ஏகாம்பரம் நம்பினார். அந்த வாரமே பொதுக்குழுவைக் கூட்டி, தன் கையாலேயே தீர்மானம் எழுதினார்: ஆவுடையப்பன் சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறான், லைனில் யாரும் அவனோடு பேசக்கூடாது, குழாயடியில் அவனுக்கு இடமில்லை. ஏகமனதாக நிறைவேறியது. ஒரு தீர்மானம் அத்தனை வேகமாக நிறைவேறியதை அவர் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அதை ஜனங்களின் கோபம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக் காளவாசலில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே குடிசை போட்டு, அங்கே இருந்த கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஒற்றை ஆளாக இருந்தான். ஒற்றை ஆளால் ஒரு வேலைநிறுத்தத்தை விற்க முடியாது என்று ஏகாம்பரத்துக்குத் தெரியும். உள்ளே ஓர் உடந்தை இருந்திருக்க வேண்டும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த உடந்தையின் பல்லிடுக்கில் அன்றைய பேச்சு இன்றும் இருக்கிறது, சாவதற்குள் அதைத் தன் காதால் கேட்டுவிட வேண்டும். மற்ற முந்நூறு பேரும் ஏமாற்றப்பட்டவர்கள், தன் ஆட்கள், தான் கட்டிய கூட்டம் என்பதை அப்புறம் யாரும் மறுக்க முடியாது.

துண்டறிக்கை வந்தது. "தோழர்களே! பிரஷ் என்பது மேல்பூச்சு. மேல்பூச்சைக் காட்டியே நம்மை ஏய்த்தவர்கள் நமக்குப் போதும். இடுக்கில் பதுங்கியிருப்பதை முதலில் வெளியே இழு. பிறகு தேய், பளபளவென்று தேய், யார் வேண்டாம் என்றார்கள்? நூல் முதலில், பிரஷ் பிறகு!"

குழாயடியில் வாதம் நடந்தது.

"பிரஷ் போட்டுட்டு, மிச்சம் எங்க இருக்குன்னு பார்த்துதானே அண்ணாச்சி நூலு விடணும்? சும்மா குத்துமதிப்பா விடவா?" என்றான் பேச்சியம்மாள் புருஷன்.

"உன் வீட்டுல தரையைப் பெருக்கிட்டு அதுக்கப்புறமா ஒட்டடை அடிப்பியாடே?" என்றார் ஏகாம்பரம்.

"எங்க வீட்டுல அவதான் பெருக்குதா."

"ஒட்டடையும் நான்தான் அடிக்கேன். முதல்ல ஒட்டடை, பெறவுதான் தொடப்பம்" என்றாள் பேச்சியம்மாள். நூல் கட்சி கைதட்டியது. இருந்தும் மறுநாள் அவளும் பிரஷைத்தான் முதலில் எடுத்தாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, ஈறு வலிக்கிறது என்றாள்.

அந்த மாதம் நிறைய பேருக்கு ஈறு வலித்தது.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. பதினெட்டு வருடமாகத் தொழிலாளியின் வாயை மூடுவதில் மட்டும் அக்கறை காட்டிய நிர்வாகத்துக்கு, திடீரென்று அந்த வாயின் சுத்தத்தில் அக்கறை வந்தது. இடுப்பில் நூல் கொண்டுபோகக் கூடாது என்று சர்க்குலர் ஒட்டினார்கள், ஆளுக்கு ஒரு பிரஷும் ஒரு பேஸ்ட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள், கேண்டீனில் பல் முகாம் போட்டு டவுனிலிருந்து ஒரு சின்ன வயது டாக்டரம்மாவை அழைத்து வந்தார்கள். அந்த அம்மா நல்ல அம்மா, யாருக்காக வந்திருக்கிறோம் என்று தெரியாமலோ, தெரிந்தேயோ, மைக்கில் சொன்னார்: "எதை முதல்ல செய்தாலும் பரவாயில்லை, ரெண்டையும் தினமும் செய்யுங்க. ஆனா என்னைக் கேட்டா நூல்தான் முதல்ல. இடுக்குல இருக்கறது வெளியே வந்துட்டா, அப்புறம் தேய்க்கும்போது பேஸ்ட்டுல இருக்கிற மருந்து அந்த இடம் வரைக்கும் போகும்."

ஏகாம்பரம் எழுந்து நின்று கைதட்டினார். திரும்பிப் பார்த்தார். அவர் ஒருவர்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் அந்த அம்மா வரவில்லை. ஒரு வேன் வந்தது, "முதலில் பிரஷ், முத்தான பற்கள்" என்று பாடிக்கொண்டே லைனைச் சுற்றியது.

சங்கத்தில் முடிவு செய்வோம் என்றார் ஏகாம்பரம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கொட்டகையில் பொதுக்குழு கூடியது. ஒன்றே கால் மணி நேரம் பேசினார். முழங்காலைக் காட்டினார். பதினான்கு பெண்களின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார், அவர்களில் செத்துப்போன நான்கு பேரின் பெயரை இரண்டு முறை சொன்னார். பெண்கள் பகுதியில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இது என் கூட்டம் என்று நினைத்துக்கொண்டே, "நூல் முதலில் என்போர் கை தூக்குங்கள்" என்று சொல்லித் தன் கையைத் தூக்கினார்.

கொட்டகைக்குள் வேறு கை எழவில்லை. வெளியே, ரயில்பாதை மேட்டில், பேச்சு கேட்கும் தூரத்தில் நின்ற ஆவுடையப்பனின் கை மட்டும் உயர்ந்திருந்தது.

"தோழர், அங்க ஒரு கை" என்றான் யாரோ.

"அதை எண்ணாதே" என்றார் ஏகாம்பரம். "துரோகியின் கை எனக்கு வேண்டாம். அவன் உறுப்பினர் இல்லை."

பிரஷ் முதலில் என்றதும் முந்நூற்றுப் பன்னிரண்டு கைகள் எழுந்தன. அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனார். தளவாயின் கை, அவர் பிணையில் எடுத்தவர்களின் கைகள், அவர் பெயர் வைத்த பிள்ளைகளின் கைகள். பெண்கள் பகுதியில் மூன்றாம் வரிசையில், கண்ணாடி வளையல் இரண்டு போட்ட ஒரு கை. அவர் மனைவி வள்ளிமயிலின் கை.

"ஜனநாயகம்னு நீங்கதானே தோழர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்க" என்று தளவாய் அவர் தோளைத் தொட்டான். அவர் தோளை விலக்கிக்கொண்டார்.

வீட்டில் வள்ளிமயில் சோறு போட்டாள். ரீலிங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அந்த லைன் வீடு அவள் பெயரில்தான் இருந்தது. அவரை வேலையை விட்டு நீக்கிய நாளிலிருந்து அவளுடைய உழைப்பில்தான் அவர் துண்டறிக்கை எழுதினார்.

"ஊரு தூக்கலாம். நீ ஏன் தூக்குனே?"

"சாப்பிடுங்க."

"உனக்கும் ஈறு வலிக்கோ?"

அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர்களைச் சொல்லுதீங்க. பதினாலு பேர் பெயரையும். எனக்குக் கேக்க முடியலை. நாளைக்குக் காலையில குழாயடியில வந்து நில்லுங்க. நான் செய்யுதேன், நீங்க சொன்ன மாதிரி."

மறுநாள் அவர் வந்து நின்றார். எட்டுக் குழாயிலும் ஆட்கள், எல்லோர் கையிலும் நிர்வாகம் கொடுத்த ஒரே பச்சை நிறப் பிரஷ். வள்ளிமயில் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு முழ நூலை எடுத்தாள். "யக்கா, தீர்மானம் போட்டிருக்கு" என்று பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். வள்ளிமயில் கையை உதறிக்கொண்டு, நூலைக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

முப்பத்தொன்பது வயது வள்ளிமயிலின் குரல் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்டது.

"சரி சார். நாளைக்கு வேலைக்கு வாறேன். வீட்டை மட்டும் பிடுங்கிராதீங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்."

குழாய்கள் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தன. ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். அவள், "நீங்க டவுனுக்குப் போன அன்னைக்கு மத்தியானம்" என்றாள். "மில்லு லேபர் ஆபீசர் வந்தாரு. வீட்டைக் காலி பண்ணணும்னாரு. நாளைக்கு ஒருத்தி வந்தா போதும், யாருக்கும் தெரியாதுன்னாரு. நான் ஒருத்திதான் சொன்னேன். என் ஒருத்தியாலதான் கேட் திறந்துச்சு. திறந்ததைப் பார்த்துதான் பாவம், இவங்கல்லாம் உள்ள போனாங்க."

அப்போது பேச்சியம்மாள், "நீயுமா யக்கா?" என்றாள்.

கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டாள். பிறகு அவள் இடுப்பிலிருந்து நூலை உருவினாள். "சரிங்க சார், என் பேரை வெளிய சொல்லாதீங்க" என்று வந்தது. பக்கத்தில் அவள் புருஷன் பிரஷைத் தொட்டியில் போட்டான், அவள் கையிலிருந்த நூலையே வாங்கி இழுத்தான். "சரி சார், பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம்." அவனுக்கு அடுத்தவன். அவனுக்கும் அடுத்தவள். லேபர் ஆபீசர் அன்று மத்தியானம் ஒரு வீட்டையும் விடவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரு "சரி" வாங்கியிருந்தார், ஒவ்வொருவரிடமும் நீ ஒருத்தர் போதும் என்று சொல்லியிருந்தார், ஒவ்வொருவரும் தன் ஒரு சொல்லால்தான் அறுபத்தோரு நாள் பாழாயிற்று, மற்றவர்கள் நிரபராதிகள் என்று நம்பிப் பதினெட்டு வருடம் நெஞ்சுக்குள் வெந்திருந்தார்கள். அந்த வேக்காட்டில்தான் ஆவுடையப்பன்மேல் அத்தனை வேகமாகக் கை தூக்கினார்கள். இப்போது நூல் கைக்குக் கை மாறிப் போனது, சரி, சரி சார், சரிங்க, சரி, சரி என்று தொட்டி நெடுக, விடிகாலை மரத்தில் குருவிகள் எழுந்ததுபோல, பழைய இளமையான குரல்கள் எழுந்துகொண்டே இருந்தன. தளவாயின் குரலும் வந்தது; முப்பத்திரண்டு வயதுக் குரல்.

யாரோ ஒருத்தி சிரித்தாள். முதலில் அழுகை என்றுதான் தோன்றியது. பிறகு இன்னொருத்தி சிரித்தாள். "அடப்பாவி, நீயுமாலே!" "உன்னைப் பார்த்து ஒதுங்கி ஒதுங்கிப் போனேனே, பதினெட்டு வருஷமா!" "எனக்குக் கல்லை இறக்கின மாதிரி இருக்குடே!" ஒருவரை ஒருவர் முதுகில் அடித்துக்கொண்டார்கள், கட்டிக்கொண்டார்கள், முகத்தில் தண்ணீர் இறைத்தார்கள். வள்ளிமயிலின் முகம்கூட விரிந்துகொண்டிருந்தது. தான் ஒருத்தி அல்ல என்பது ஒரு மனுஷிக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தொட்டி நெடுக மன்னிப்பு பெருகி ஓடியது, ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் மன்னித்தார்கள். தொட்டியின் நடுவே நின்ற ஏகாம்பரத்திடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவரை மறந்து அல்ல. அவரிடம் கேட்டால் இந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சங்கு ஊதியது. சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். வள்ளிமயில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள்.

"ஏங்க..."

"போ. நேரமாச்சு" என்றார்.

அவள் போனாள்.

அவர் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார். பதினெட்டு வருடத்தில் அந்தப் பக்கம் போனதில்லை. காளவாசல் கிணற்றடியில் ஆவுடையப்பன் வாளியை இறைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. நரையா சுண்ணாம்பா என்று சொல்ல முடியவில்லை.

"ஆவுடை" என்றார்.

அவன் வாளியை மேலே கொண்டுவந்து, குடத்தில் ஊற்றி, அப்புறம்தான் நிமிர்ந்தான்.

"குழாயடியில ஒரே சிரிப்பா கேட்டுச்சே. என்ன விசேஷம்?"

"அன்னைக்கு நீ பங்களாவுக்கு எதுக்குப் போனே?"

"என் வீட்டுக்கு ஏன் ஆள் அனுப்புனேன்னு கேக்கப் போனேன். முடியாதுன்னு அந்த ஆபீசர்கிட்ட சொன்னது பத்தலைன்னு மானேஜர்கிட்டயும் போய்ச் சொன்னேன்."

"இதை என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. தீர்மானம் போட்ட அன்னைக்கு மேடைக்குக் கீழ வந்து நின்னு சொன்னேன். துரோகியின் பேச்சு இந்தக் காதில் ஏறாதுன்னு மைக்கில சொன்னீங்க. நல்ல கைதட்டல்."

ஏகாம்பரத்துக்கு அந்தக் கைதட்டல் ஞாபகம் இருந்தது.

"பெறவு நேத்து ஏன் கையைத் தூக்குனே?"

"யாரு யாருன்னு எனக்கும் தெரியணும்ல. ஒரு நாலு பேரு இருக்கும்னு நெனச்சிருந்தேன்." அவன் அவர் முகத்தைப் பார்த்தான். "நாலு பேருக்கு மேலயா?"

"எல்லாரும்."

"எல்லாருமா?"

"ம்."

"உங்க வீட்டு மயினியுமா?"

அவர் தலையசைத்தார். ஆவுடையப்பன் வாளியைக் கீழே வைத்தான். கிணற்றுக் கட்டையில் கையூன்றினான். அவன் தன் பதினெட்டு வருடத்துக்காக ஏதாவது சொல்வான், திட்டுவான், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஏகாம்பரம் காத்திருந்தார்.

"அப்போ ஸ்ட்ரைக்குல இருந்தது நாம ரெண்டு பேருதானா?" என்றான்.

ஏகாம்பரத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. எத்தனையோ கேட் மீட்டிங்குகளில் நிமிர்ந்த முதுகு.

"அந்த ஸ்ட்ரைக்கை யாரும் வாபஸ் வாங்கலை ஆவுடை" என்றார். "அவங்க உள்ள போனாங்க, அவ்வளவுதான். வாபஸ்னு பொதுக்குழுவுல தீர்மானம் வரவே இல்லை. நான் வர விடலை. முறைப்படி பார்த்தா அது இன்னைக்கும் நடக்குது. நாம ரெண்டு பேரும் போய்க் கேட் வாசல்ல கொடிக்கம்பத்துக்குக் கீழ உட்காருவோம். இன்னைக்கே. அவங்க ஷிப்ட் முடிஞ்சு வெளிய வரும்போது நம்மைப் பார்க்கட்டும்."

ஆவுடையப்பன் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தான். தண்ணீர் சிந்தாமல் இருக்க ஒரு கையால் அதன் வாயை மூடிக்கொண்டான்.

"நீங்க உட்காருங்க அண்ணாச்சி" என்றான். அதில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. "நான் உறுப்பினர் இல்லைல்லா."

காளவாசலில் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போனான்.

வெயில் ஏறிய பிறகு ஏகாம்பரம் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்பி வந்து, கேட் வாசலில், கொடிக்கம்பத்தின் சிமெண்டு மேடையில், முழங்காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்தார். உள்ளே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எந்தக் கோரிக்கைக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் அண்ணாச்சி என்று வாட்ச்மேன் கேட்டான். அவர் பதினான்கு பெயர்களையும் சொன்னார். வாட்ச்மேன் புது ஆள், அதில் ஒருவரையும் அவனுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் நோட்டில் எழுத வேண்டுமே என்று, எத்தனை பேர் ஸ்ட்ரைக்கில் இருக்கிறார்கள் என்று கேட்டான்.

"ஒருத்தர்" என்றார்.